நீண்டு நின்ற கை: வால்டர் ஒயிட் கொன்றானா, சாகவிட்டானா?

2009 மே 24 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் 'பிரேக்கிங் பேட்' தொடரின் இரண்டாம் சீசன், பன்னிரண்டாம் எபிசோட் ஒளிபரப்பாயிற்று. 'ஃபீனிக்ஸ்' என்பது அதன் பெயர். கடைசிக் காட்சியில், பள்ளி வேதியியல் ஆசிரியராக இருந்து மெத்தாம்பெட்டமைன் தயாரிப்பாளனாக மாறிய வால்டர் ஒயிட், போதை மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறும் ஜேன் என்ற இளம்பெண்ணை நோக்கிக் கையை நீட்டுகிறான். தொடுவதற்கு முன் நிறுத்துகிறான். அவள் அடங்கும்வரை நின்று பார்க்கிறான்.

அவன் செய்தது கொலையா? அல்லது எதையும் செய்யாமல் இருந்ததுதான் அவன் குற்றமா? குற்றமே இல்லை என்பவர்களும் உண்டு. தொடர் 2013இல் முடிந்துவிட்டது; வாதம் இன்னும் ஓயவில்லை. கேள்வியும் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. சாகும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கொல்வதற்குச் சமமா என்பதைச் சட்ட அறிஞர்களும் தத்துவவாதிகளும் மிக நெடுங்காலமாக விவாதித்துவருகிறார்கள். 'ஃபீனிக்ஸ்' காட்சி அந்தப் பழைய வழக்கை எங்கே புதிதாகச் சிக்கலாக்குகிறது, முன்வைக்கப்பட்ட விடைகள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

காட்சியில் இருப்பதும் இல்லாததும்

முன்கதை தெரியாமல் வாதம் விளங்காது. வால்டரும் அவனுடைய பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மேனும் கஸ் ஃபிரிங் என்ற பெரும் வியாபாரிக்கு 38 பவுண்டு சரக்கை 12 லட்சம் டாலருக்கு விற்கிறார்கள். ஜெஸ்ஸியின் பங்கு 4,80,000 டாலர். ஜெஸ்ஸி ஹெராயினில் மூழ்கியிருப்பதால், அவன் திருந்தும்வரை பணத்தைத் தரமாட்டேன் என்கிறான் வால்டர். ஜெஸ்ஸியின் காதலி ஜேன், போதையிலிருந்து மீண்டு மறுபடி அதில் விழுந்தவள். பணம் வராவிட்டால் உன் ரகசியத்தை வெளியே சொல்வேன் என்று வால்டரை மிரட்டுகிறாள். வால்டர் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். பிறகு ஒரு மதுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறான். அவர்தான் ஜேனின் தந்தை டொனால்ட் என்பது பார்வையாளருக்குத் தெரியும், வால்டருக்குத் தெரியாது. அந்தப் பேச்சின் உந்துதலில் அவன் மீண்டும் ஜெஸ்ஸியின் வீட்டுக்குப் போகிறான்.

இருவரும் கட்டிலில் பக்கவாட்டில் படுத்து மயங்கிக் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப வால்டர் அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறான். அந்த உலுக்கலில் ஜேன் புரண்டு மல்லாந்துவிடுகிறாள். சிறிது நேரத்தில் இருமலும் வாந்தியும் வருகின்றன. வால்டர் கட்டிலைச் சுற்றி அவளருகே ஓடுகிறான். கை நீள்கிறது, நிற்கிறது. வாயைப் பொத்திக்கொள்கிறான், கண் கலங்குகிறது, பிறகு முகம் இறுகுகிறது. அவன் என்ன நினைத்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. பின்னணிக் குரல் கிடையாது, பேச இன்னொருவர் இல்லை.

போதையில் பக்கவாட்டில்தான் படுக்க வேண்டும், வாந்தி வந்தால் மூச்சடைக்கும் என்ற எச்சரிக்கையைத் தொடர் முன்பே காட்டிவிடுகிறது. அதே எபிசோடில் வால்டர் தன் பச்சைக்குழந்தை ஹோலியைச் சுருட்டிய துணி வைத்துப் பக்கவாட்டில் கிடத்துகிறான். ஆகவே மல்லாந்து கிடப்பது என்ன ஆபத்து என்பது அவனுக்குத் தெரியாது என்று வாதிட இடமில்லை. அதை அவன்தான் உண்டாக்கினான் என்பதை உணர்ந்தானா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான விவாதங்கள் நீட்டிய கையிலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய சில நொடிகளில்தான் வழக்கின் கனமான பகுதி இருக்கிறது என்று கருத இடமுண்டு.

சட்டத்தின் பழைய பதில்

ஆங்கில மரபுச் சட்டம் இந்தக் கேள்விக்குக் கூசாமல் ஒரு பதிலை வைத்திருந்தது: அந்நியரைக் காப்பாற்றும் கடமை யாருக்கும் இல்லை. மக்கள் எதிர் பியர்ட்ஸ்லி என்ற 1907ஆம் ஆண்டு மிச்சிகன் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. தன்னோடு வார இறுதியைக் கழித்த பெண் மார்ஃபின் மாத்திரைகளை விழுங்கியதை அறிந்தும் மருத்துவரை அழைக்காத ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவருக்குத் தார்மீகக் கடமை இருந்திருக்கலாம், சட்டக் கடமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். போதை, உறக்கம், வாய் மூடி நின்ற ஆண் என எல்லாம் ஜேனின் கதைக்கு மிக அருகில் இருக்கின்றன.

இந்தியச் சட்டமும் இந்தத் தடத்தில் வந்ததுதான். மெக்காலே 1837இல் தந்த தண்டனைச் சட்ட வரைவின் குறிப்புகளில் ஓர் உதாரணம் உண்டு. ஆறு பெருகி ஓடுகிறது, இறங்கினால் ஆபத்து என்பதை ஒருவன் பயணியிடம் சொல்லாமல் விடுகிறான், பயணி இறக்கிறான். எச்சரிப்பதற்கென்றே அங்கு நிறுத்தப்பட்ட சேவகனோ, கூலி பேசி வந்த வழிகாட்டியோ அவ்வாறு விட்டால் அது கொலை. வெறும் வழிப்போக்கன் விட்டால் கொலையன்று. மனிதாபிமானம் இல்லாதவனையெல்லாம் சிறையில் தள்ளினால் எல்லைக்கோடு எங்கே போடுவது என்பது மெக்காலேயின் கவலை. 'சட்டத்துக்குப் புறம்பான விடுகை' மட்டுமே குற்றம் என்ற நிலையை 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் எடுத்துக்கொண்டது.

இதற்கு மாறான மரபும் உண்டு. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியைச் செய்யாதது தனிக்குற்றம். அமெரிக்காவிலேயே வெர்மான்ட் மாநிலம் 1967இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. அபராதம் அதிகபட்சம் 100 டாலர். ஓர் உயிரை விட்டதற்கு நூறு டாலர் என்பது, கடமை உண்டு என்று சொல்லவும் வேண்டும், அதை வலியுறுத்தவும் தயக்கம் என்ற இரண்டுங்கெட்டான் நிலையைத்தான் காட்டுகிறது. கதை நடக்கும் நியூ மெக்சிகோ வேறொரு வழியை எடுத்தது. அளவுக்கு மீறிய போதையில் ஒருவர் கிடக்கும்போது உதவிக்கு அழைப்பவரைப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2007இலேயே, நாட்டில் முதல் மாநிலமாக, சட்டம் செய்தது. போலீசுக்குப் பயந்து சாகவிடுகிறார்கள் என்ற பட்டறிவிலிருந்து வந்த சட்டம் அது. வால்டரின் பயம் அந்தப் பாதுகாப்புக்குள் அடங்காதுதான். அவன் வெறுமனே சரக்கு வைத்திருந்தவன் அல்லன்.

ஆக, வால்டர் வழிப்போக்கன் என்றால் அமெரிக்கச் சட்டத்தின் பொதுவிதி அவனை விட்டுவிடும். ஆனால் விதிவிலக்குகளில் ஒன்று இங்கே முக்கியம்: ஆபத்தை உண்டாக்கியவனுக்கு அதை நீக்கும் கடமை உண்டு. 1983இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்த்த மில்லர் வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஆளில்லா வீட்டில் தங்கியிருந்த ஒருவர் சிகரெட்டோடு தூங்கிவிட்டார். விழித்தபோது மெத்தை கனன்றுகொண்டிருந்தது. அடுத்த அறைக்குப் போய் மறுபடி படுத்துக்கொண்டார். தீ வைத்தது தற்செயல், ஆனால் தெரிந்த பிறகு ஒன்றும் செய்யாதது குற்றம் என்றது அவை. 2009இல், 'ஃபீனிக்ஸ்' ஒளிபரப்பான அதே ஆண்டில், இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்கொள்கையை ஒரு ஹெராயின் மரணத்துக்கே பொருத்தியது. ஹெராயினைக் கொடுத்தவர், வாங்கியவரின் நிலை மோசமாவதை அறிந்தும் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் மருத்துவ உதவியை அழைக்கவில்லை. தண்டனை உறுதியாயிற்று.

இவை பிரிட்டிஷ் தீர்ப்புகள். நியூ மெக்சிகோவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 'வால்டர் சட்டப்படி நிரபராதி' என்று உறுதியாகப் பேசுவோர் பியர்ட்ஸ்லி வழக்கோடு நின்றுவிடுகிறார்கள் என்பதை இவை காட்டுகின்றன. மில்லரின் மெத்தைக்கும் ஜேனின் புரளலுக்கும் உள்ள ஒற்றுமை அலட்சியப்படுத்தக் கூடியதன்று.

கொல்வதும் சாகவிடுவதும்

தத்துவத்தில் இந்த வாதத்தின் மிகப் பிரபலமான உதாரணம் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் வருகிறது. ஸ்மித், ஜோன்ஸ் என்று இருவர். ஆறு வயதுச் சிறுவன் இறந்தால் இருவருக்கும் சொத்து வரும். ஸ்மித் குளியல் தொட்டியில் சிறுவனை அமுக்கிக் கொல்கிறான். ஜோன்ஸும் அதே எண்ணத்தோடு நுழைகிறான். ஆனால் சிறுவன் தானே வழுக்கித் தலையில் அடிபட்டு நீரில் குப்புற விழுகிறான். ஜோன்ஸ் நின்று பார்க்கிறான், அவ்வளவுதான். இருவரில் யார் மேல் என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால், கொல்வதற்கும் சாகவிடுவதற்கும் இடையில் தன்னளவில் ஒழுக்க வேறுபாடு இல்லை என்பது ரேச்சல்ஸின் முடிவு.

வால்டரைக் குற்றவாளி என்போர் இந்த ஜோன்ஸையே கையில் எடுக்கிறார்கள். பொருத்தம் மேலோட்டமானது. ஜோன்ஸ் கொல்ல வந்தவன். வால்டர் ஜெஸ்ஸியிடம் பேச வந்தவன். ஜோன்ஸ் கை நீட்டியிருந்தால் அமுக்குவதற்குத்தான் நீட்டியிருப்பான். வால்டரின் முதல் அசைவு உதவிக்கானது. மேலும், ஷெல்லி கேகன் 1988இல் சுட்டியதுபோல, ஓர் இணை உதாரணத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதால் எல்லா இடத்திலும் வேறுபாடு இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு பக்கமும் நோக்கம் அவ்வளவு கொடியதாக இருக்கும்போது மற்ற வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

ஃபிலிப்பா ஃபுட்டின் அணுகுமுறை இக்காட்சிக்குக் கூடுதலாக உதவுகிறது. 1967இல் தொடங்கி 1984 வரை அவர் செதுக்கிய வேறுபாடு, ஒரு நிகழ்வுத் தொடரைத் தொடங்கிவைப்பதற்கும் ஏற்கெனவே ஓடும் தொடரை ஓடவிடுவதற்கும் இடையிலானது. முதலாவது பொதுவாகக் கடுமையானது. இதை மட்டும் வைத்தால், ஊசி போட்டுக்கொண்டது ஜேன், ஓடவிட்டது வால்டர் என்று முடிந்துவிடும். ஆனால் 'விடுவது' என்பதிலேயே இரண்டு வகை இருப்பதை ஃபுட் கவனித்தார்: தடுக்காமல் இருப்பது ஒன்று, தடையாக இருந்த ஒன்றை அகற்றுவது மற்றொன்று. அணையின் மதகைத் திறந்தவனும் வெள்ளத்தைத் தடுக்காதவனும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஜேனின் பக்கவாட்டுப் படுக்கை அவளுக்கும் மரணத்துக்கும் இடையில் இருந்த தடை. வால்டரின் உலுக்கல் அதை அகற்றியது. பிறகு அவன் தடுக்காமலும் நின்றான். ஆக, ஃபுட்டின் இரு வகைகளும் ஒரே மனிதனிடம், ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவது அறியாமலும் இரண்டாவது அறிந்தும் நிகழ்கின்றன.

அறியாமல் செய்த ஒன்றும் அறிந்து செய்யாத ஒன்றும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? இரண்டையும் தனித்தனியே எடைபோட்டால் எதுவும் கொலை அளவுக்கு வராது. சேர்த்துப் பார்த்தால் கொலைக்கு அருகில் வரும். தத்துவ நூல்கள் தரும் தூய உதாரணங்களில் இந்தக் கலப்பு அநேகமாக இருப்பதில்லை. அவை ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு தொலைக்காட்சிக் காட்சி அந்த நூல்களைவிடக் கடினமான கேள்வியை எழுப்பியிருப்பது இந்த இடத்தில்தான்.

தற்காப்பு என்ற வாதம்

வால்டருக்கு ஆதரவாக அடிக்கடி கேட்கும் வாதம் இது: ஜேன் மிரட்டினாள்; அவள் உயிரோடு இருந்தால் அவன் குடும்பம் அழியும். இதை விரைவாகவே கடந்துவிடலாம். அவள் மிரட்டியது உயிரை எடுப்பேன் என்றன்று, உண்மையைச் சொல்வேன் என்று. அதுவும் பணம் கைமாறிய பிறகு அந்த மிரட்டலின் விசை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஜேனும் ஜெஸ்ஸியும் நியூசிலாந்து போகும் கனவில் இருந்தார்கள். அவள் மறுபடி மிரட்டலாம் என்ற அச்சம் நியாயமானதாகவே இருந்தாலும், அது நோக்கத்தை விளக்குமே தவிர நியாயப்படுத்தாது.

ஜெஸ்ஸியைக் காப்பாற்றத்தான் என்ற வாதம் கொஞ்சம் வலுவானது. ஜேனோடு போயிருந்தால் அவனும் ஊசியில் மாண்டிருப்பான் என்பது நடக்கக்கூடியதே. மதுக்கூடப் பேச்சு வால்டரின் மனத்தில் ஜெஸ்ஸியை ஒரு மகனின் இடத்தில் வைத்திருக்கிறது. ஆனால் தொடரே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஜேனின் சாவு ஜெஸ்ஸியை நொறுக்கி இன்னும் ஆழமான போதைக் குகையில் தள்ளுகிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரான டொனால்ட் துக்கத்தோடு வேலைக்குத் திரும்பி, அவருடைய பிழையால் இரண்டு விமானங்கள் ஆல்புகர்க்கி வானில் மோதி 167 பேர் இறக்கிறார்கள். விளைவை வைத்து வால்டரை நியாயப்படுத்த முயல்பவர் அந்த 167 பேரையும் கணக்கில் எழுத வேண்டும். அதேபோல, அவனைக் குற்றம்சாட்ட அந்த விபத்தைப் பயன்படுத்துவதும் சரியாகாது. கட்டிலருகே நின்றவனால் அதை முன்னறிந்திருக்க முடியாது.

படைத்தவர்களைக் கேட்டால்

தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், தொடக்க யோசனையில் வால்டரின் கை இதைவிட நேரடியானதாக இருந்தது என்று பேட்டிகளில் கூறியிருக்கிறார். அந்த வடிவத்தில் அவன் ஜேனுக்குக் கூடுதல் ஹெராயினை ஊசியில் ஏற்றுகிறான். தயாரிப்பு நிறுவனமும் தொலைக்காட்சியும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் போவதா என்று தயங்கின. படிப்படியாகத் தணிந்து, நின்று பார்ப்பதாகக் காட்சி மாறியது. அந்த முதல் வடிவை வைத்து, 'படைத்தவன் மனத்தில் அது கொலைதான்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

விம்சாட், மன்றோ பியர்ட்ஸ்லி ஆகிய இரு கோட்பாட்டாளர்களும் 1946இல் எழுப்பிய மறுப்பு இங்கு அப்படியே பொருந்தும்: படைப்பைத் தீர்மானிப்பது படைப்பில் இருப்பது, படைத்தவரின் மனத்தில் இருந்தது அன்று. (மிச்சிகன் வழக்கின் பெயரோடு உள்ள ஒற்றுமை தற்செயல்.) கழித்துவிட்ட வரைவு, வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குத்தான் சான்றாகும். தொலைக்காட்சியில் 'படைத்தவர்' யார் என்பதும் குழப்பம். இந்த எபிசோடை எழுதியவர் ஜான் ஷைபன், இயக்கியவர் காலின் பக்ஸி. வால்டராக நடித்த பிரையன் க்ரான்ஸ்டன் 2016இல் வெளியிட்ட தன் நினைவுநூலை இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார். காப்பாற்றலாமா, விடலாமா என்று பல வழிகளையும் மனத்தில் வைத்து நடித்ததையும், ஜேனாக நடித்த கிறிஸ்டன் ரிட்டரின் முகத்தில் ஒரு கணம் தன் மகளின் முகத்தைக் கண்டு உடைந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் பலர் வால்டரின் மனசாட்சியைப் படித்தார்கள். அதில் எவ்வளவு வால்டருடையது, எவ்வளவு ஒரு தந்தையான நடிகருடையது என்று பிரிப்பது இயலாத காரியம்.

பாத்திரத்தின் மனத்தைத் தோண்டுவதே தவறு என்று ஒரு தரப்பு உண்டு. ஏ. சி. பிராட்லி 1904இல் ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை உயிருள்ள மனிதரைப்போல அலசியதை எல். சி. நைட்ஸ் 1933இல் கிண்டல் செய்தார்: லேடி மக்பெத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதில் பொருளில்லை, பனுவலுக்கு வெளியே அவளுக்கு வாழ்க்கை இல்லை. கடுமையாகப் பின்பற்றினால், வால்டர் என்ன நினைத்தான் என்ற கேள்வியே விழுந்துவிடும். ஆனால் 62 எபிசோட்கள் ஓடும் தொடர் வேறு வகையானது. முன்னர் காட்டியதைப் பின்னர் வருவது திருத்தும். ஒரு செயலின் பொருள் நான்கு ஆண்டு கழித்து ஒரு வசனத்தில் மாறும். நைட்ஸின் தடை இங்கு முழுமையாகச் செல்லுபடியாகும் என்று தோன்றவில்லை.

பார்வையாளரின் கை

காட்சியின் மங்கல் பார்வையாளரின் விசுவாசத்தால் விளைகிறது என்பது இன்னொரு நிலைப்பாடு. திரைப்படக் கோட்பாட்டாளர் மரே ஸ்மித் 1995இல் இதற்கு ஒரு சட்டகம் தந்தார்: ஒரு பாத்திரத்தோடு கூடவே இருப்பது வேறு, அதன் பக்கம் சேர்வது வேறு; முதலாவது நீடித்தால் இரண்டாவதும் தொற்றிக்கொள்ளலாம். ஜேன் சாவது தொடரின் 19ஆவது எபிசோடில். அதற்குள் புற்றுநோய், கடன், குடும்பம் என்று வால்டரின் ஒவ்வொரு நெருக்கடியிலும் உடனிருந்த பார்வையாளர், சில எபிசோட்களுக்கு முன் வந்த ஜேனை இடைஞ்சலாகப் பார்க்கப் பழகியிருப்பார். மார்கிரெத் ப்ரூன் வோகே 2016இல் எதிர்நாயகத் தொடர்களைப் பற்றி எழுதிய நூலும் இந்தத் திசையில் செல்கிறது. வால்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த ஆன்னா கன், தன் பாத்திரத்தின்மீது கொட்டப்பட்ட வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதியது இதற்குத் துணைச்சான்று: வால்டருக்குக் குறுக்கே நின்ற பெண்கள் பலருக்கு வில்லிகளாகத் தெரிந்தார்கள்.

இந்த விளக்கம் ஏன் பலர் அவனை மன்னித்தார்கள் என்பதைச் சொல்கிறது. மன்னித்தது சரியா என்பதைச் சொல்வதில்லை. பக்கச்சார்பு இருப்பதாலேயே ஒரு தீர்ப்பு தவறாகிவிடாது. அதோடு, இதே காட்சியில்தான் தாங்கள் வால்டரைக் கைவிட்டதாகச் சொல்லும் பார்வையாளர்களும் ஏராளம். அவர்களும் அதே 18 எபிசோட்களை உடனிருந்து பார்த்தவர்களே.

இன்னும் தீராதவை

இதுவரை வந்த விடைகளில் மிகப் பலவீனமானது 'அவன் ஒன்றும் செய்யவில்லை' என்பது. உலுக்கியது அவன், ஓடியது அவன், நீட்டிய கையை நிறுத்தியதும் அவன். தொடங்கிய உதவியை நிறுத்துவதை வெறும் சும்மா இருத்தல் என்று வகைப்படுத்துவது கடினம். 'நேரடிக் கொலை' என்பதும் காட்சி தாங்கக்கூடியதைவிட மிகையானது. வால்டர் ஊசி போட்ட வரைவு திரைக்கு வரவில்லை. ஆபத்தை அறியாமல் உண்டாக்கி, அறிந்த பின் நீக்க மறுத்தவன் என்ற விவரணையே கிடைத்துள்ள சான்றுகளுக்கு மிக நெருக்கமாக இருப்பதாகத் தெரிகிறது. சட்டத்தில் அது கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு மேலும் திட்டமிட்ட கொலைக்குக் கீழும் எங்கோ அமையக்கூடும். எங்கே என்பதை நீதிபதிகளே ஒருமித்துச் சொல்ல மாட்டார்கள்.

திருப்பிப் படுக்க வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்பது ஒரு திறந்த கேள்வி. இருமல் இருந்தது என்பது அவள் உடல் இன்னும் போராடியதைக் காட்டுகிறது; ஹெராயின் மூச்சையே மெல்ல நிறுத்திவிடக்கூடியது என்பதால் அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

மற்றொன்று வால்டரின் அறிவைப் பற்றியது, அதுதான் பெரியது. 2010இல் வந்த 'ஃப்ளை' எபிசோடில் தூக்க மாத்திரையின் மயக்கத்தில் அவன் ஒப்புதலின் விளிம்புவரை வந்து, ஜேனுக்காக வருந்துகிறேன் என்பதோடு நின்றுவிடுகிறான். 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான 'ஓஸிமாண்டியாஸ்' எபிசோடில், வருத்தத்தோடு அல்லாமல் ஜெஸ்ஸியை வதைக்கும் எண்ணத்தோடு, நான் அங்கே இருந்தேன், அவள் செத்ததைப் பார்த்தேன், காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை என்று சொல்கிறான். காயப்படுத்துவதற்காகவே பேசும் அந்த நேரத்திலும், அவளை மல்லாத்தியது தன் கை என்பதை அவன் சொல்லவில்லை.